ஆள் நிரப்பும் வேலை

1

அலாரம் அடித்தது.

தீ விபத்துக்கு அடிக்கிற அலாரம். கூரையில் இருந்த சிவப்பு விளக்கு சுழன்று சுழன்று மின்ன, காதைப் பிய்த்தெடுக்கிற சத்தம். நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்ன அரங்கில் மேடை மேல் நின்று, 'கதை எங்கே பிறக்கிறது?' என்று பேசிக்கொண்டிருந்தேன். பேச்சைப் பாதி வாக்கியத்தில் விட்டேன். ஓடத் தயாராகிவிட்டேன் என்பதுதான் உண்மை. படியிறங்க ஒரு காலைத் தூக்கியும் விட்டேன்.

அரங்கில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அத்தனை பேரும் உட்கார்ந்தபடியே ஒரே பக்கம் தலையைத் திருப்பினார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு பெண்மணி. அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அழுத்திக் காட்டினார். எல்லாத் தலைகளும் மறுபடி என் பக்கம் திரும்பின.

"ஒண்ணுமில்ல சார். பக்கத்து வராண்டாவுல கலைவிழாவுக்குப் புகை மெஷின் போட்டுப் பாக்குறாங்க. நீங்க பேசுங்க," என்றார் அவர்.

பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். முடிந்ததும் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, நெருப்புன்னு மணி அடிக்குது, ஒரு பிள்ளைகூட அசையல. அவ்வளவு சுவாரசியமாவா பேசினேன்?"

அவர் சிரித்தார். கொட்டாவியும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பி, கொட்டாவி முந்திக்கொண்ட மாதிரி இருந்தது.

"அட்டென்டன்ஸ் இன்னும் எடுக்கல சார்."

கதை எங்கே பிறக்கிறது என்று ஒரு மணி நேரம் அளந்துவிட்டு வந்தவனுக்கு, இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன். குப்பைத் தொட்டிக்குப் போவதை நீங்களும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

*முதல் தொடக்கம்:* அன்று காலை வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. அவள் மனதைப் போலவே—

(வேண்டாம். அவர் வானத்தைப் பார்த்தே பல நாளாகிறது. காலையில் பஸ், பிறகு அரங்கம், சாயங்காலம் மறுபடி பஸ்.)

*இரண்டாம் தொடக்கம்:* பல்கலைக்கழகம் என்பது வெறும் பாடங்களால் ஆனதல்ல. கலை, கல்வி, வேலைவாய்ப்பு என்ற மூன்று தூண்களின் மீது—

(இது அவருடைய மேலதிகாரியான இயக்குநர் மைக்கைப் பிடித்தால் சொல்வது. நான் எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும்.)

*மூன்றாம் தொடக்கம்:* கைப்பையின் உள்ளறையில், துப்பட்டாவுக்குக் குத்துகிற ஊசிகளுக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவில், அவள் தன்னுடைய பயோடேட்டாவை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

இது பரவாயில்லை. அவருடைய எண்ணை வாங்கி வைத்திருந்தேன்; அவருக்கே போனில் படித்துக் காட்டினேன்.

"நாலா மடிச்சா மடிப்பு விழுந்துடுமே சார். பசங்களுக்கு நானே கிளாஸ் எடுக்குறேன், பயோடேட்டாவை மடிக்காதீங்கன்னு. ஃபைல்ல வச்சிருந்தேன்."

சரி. ஃபைலில் வைத்திருந்தாள்.*

---
* ஒரு குறிப்பு. கதைக்குள் அவரை 'அவள்' என்று எழுதுகிறேன். போனில் 'நீங்கள்'தான். கேட்டதற்கு, "எப்படி வேணா எழுதுங்க சார், டயர்டா இருந்தேன்னு மட்டும் மறக்காம எழுதுங்க," என்றார்.
---

3

மாணவர்கள் அவளை மைக் மேடம் என்று கூப்பிட்டார்கள். எந்த நிகழ்ச்சி என்றாலும் முதலில் மேடையேறி மைக்கை இரண்டு தட்டுத் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்வது அவள்தான். அதற்குப் பிறகு மைக் அவள் கைக்கு வராது. துணைவேந்தர், இயக்குநர், சிறப்பு விருந்தினர், நன்றியுரை என்று கைமாறிக்கொண்டே போய், எல்லோரும் கிளம்பிய பிறகு மடக்கி வைப்பதற்காகத் திரும்ப வரும்.

நிகழ்ச்சிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் என்பது பதவியின் பெயர். வேலையின் பெயர் வேறு. ஆள் நிரப்புவது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் தினமும் ஏதாவது நடக்கும். கருத்தரங்கம் நடக்கும், கவியரங்கம் நடக்கும், எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் வந்து மண்ணைப் பற்றிப் பேசுவார். வருகிற விருந்தினர் முன்னால் அரங்கம் காலியாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் மானம் கப்பலேறிவிடும் என்பது இயக்குநரின் கவலை. அதனால் மைக் மேடம் ஆள் பிடித்து வருவாள். எந்தப் பேராசிரியர் லீவு, எந்த வகுப்பு சும்மா இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வகுப்பு கிடைக்காவிட்டால் அலுவலகத் தட்டச்சர், நூலக உதவியாளர், தோட்டக்காரர். யாரை எங்கே உட்கார வைத்தால் கூட்டம் பெரிதாகத் தெரியும், எந்த இடத்தில் கைதட்ட வேண்டும், இதெல்லாம் அவள் கண்டுபிடித்து வைத்த வித்தை. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. முன்வரிசையில் கண்ணாடி போட்டவர்கள். கடைசி வரிசையில் உயரமானவர்கள்.

வேலைவாய்ப்பு முகாமிலும் இதே கதைதான். ஆள் எடுக்க வருகிற கம்பெனிக்காரர் வராண்டாவில் நீளமான வரிசையைப் பார்த்தால்தான் அடுத்த வருடமும் வருவார். நிஜமான ஆட்கள் குறைந்தால் மைக் மேடத்தின் ஆட்கள் டை கட்டிக்கொண்டு வரிசையில் உட்காருவார்கள். கூப்பிட்டால் உள்ளே போய் ஏதோ உளறிவிட்டு வருவார்கள். அவ்வளவுதான்.**

---
** போன வருடம் அப்படி உட்கார்ந்த நூலக உதவியாளரை ஒரு கப்பல் கம்பெனி நிஜமாகவே தேர்ந்தெடுத்துவிட்டது. பாவம், அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். அவர் தலைமறைவாக இருந்த நாட்களில் யாருக்கும் புத்தகம் கிடைக்கவில்லை.
---

4

இங்கே ஒரு கேள்வி. அவள் ஏன் வேலையை விட நினைத்தாள்?

வாரப் பத்திரிகைக் கதை என்றால் ஒரு பெரிய அவமானம் வேண்டும். இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் அவளைத் திட்டினார் என்று ஒரு காட்சி எழுதினேன். ஃபைலைக்கூட விட்டெறிந்தார்.

"அவர் திட்ட மாட்டார் சார்," என்றார் போனில். "அவர் ரொம்ப நல்லா பேசுவார். 'நீ இல்லன்னா இந்த யுனிவர்சிட்டியே இல்லம்மா'ம்பார். அதைச் சொல்லிட்டு இன்னொரு ப்ரோக்ராம் குடுப்பார்."

"அப்ப என்னதான் காரணம்?"

அதற்குத் தன் மகளைப் பற்றிச் சொன்னார்.

மகள் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது அது பேச்சில் வந்தது.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள் மைக் மேடம்.

"கைதட்டுற வேலைன்னு சொன்னேன்."

கணவருக்குப் புரையேறிவிட்டது. "ஏய், அம்மா ஆபீசர்டி."

"நீதானப்பா அன்னைக்கு மாமாகிட்ட போன்ல சொன்னே, 'இவ கைதட்டிட்டு வர்றதுக்குள்ள ராத்திரியாயிடுது'ன்னு."

மைக் மேடம் சிரித்துவிட்டாள். கணவரும் சிரித்தார். மகளுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் அவளும் சேர்ந்துகொண்டாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது மைக் மேடம் யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் உட்கார்ந்து கேட்ட பேச்சுகளில் ஒன்றாவது மனதில் நிற்கிறதா? ஒன்றும் நிற்கவில்லை. பேச்சாளர் முகம் ஞாபகமிருக்கிறது, அன்று காலியாகக் கிடந்த நாற்காலிகள் ஞாபகமிருக்கின்றன. பேச்சு மட்டும் இல்லை.

(என் பேச்சும் அந்தக் கணக்கில் சேர்த்தியா என்று கேட்டேன். "உங்க பேச்சுல அலாரம் ஞாபகமிருக்கு சார்," என்றார்.)

5

வேலை மாற வேண்டும் என்று முடிவு செய்வது சுலபம். இண்டர்வியூவுக்குப் போக லீவு வாங்குவதுதான் கஷ்டம். தினமும் ஒரு நிகழ்ச்சி. அவள் வேலையோ ஒவ்வொரு வருடமும் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் தொடரும். வெளியே வேலை தேடுகிறாள் என்று மோப்பம் பிடித்தால் அந்தக் கையெழுத்து விழாது. 'நீ இல்லன்னா யுனிவர்சிட்டியே இல்ல' என்று சொல்லிக்கொண்டே வேறொருவரை எடுத்துவிடுவார். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்த மருந்துக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. முகாமுக்கு வருகிறோம், புதிதாகப் படித்து முடித்தவர்கள் வேண்டும் என்று பெரும்பகுதி வழக்கம்போல. கடைசியில் ஒரு வரி: எங்கள் பயிற்சிப் பிரிவை நடத்த ஒருவர் தேவை, அனுபவம் உள்ளவர் மட்டும்.

அறிவிப்புப் பலகைக்காக அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் விரலை நிறுத்தினாள். வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் பிடிக்கிற வேலை இல்லை. ஒரே கட்டிடம். பயிற்சிக்கு வருகிறவர்கள் நிஜமாகவே பயிற்சிக்கு வருகிறவர்கள். நாற்காலி தானாக நிறையும்.

அதைவிட முக்கியம், கம்பெனி அவள் இருக்கிற கட்டிடத்துக்கே வருகிறது. லீவு வேண்டாம். பஸ் வேண்டாம். நூலகக் கட்டிடத்தின் மாடிப்படி ஏறினால் போதும்.

6

கம்பெனி வந்த அந்த நாள்தான் நான் பேசப்போன நாள்.

ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சி. திறந்தவெளி மைதானத்தில் கலைவிழா. சின்ன அரங்கில் நான். நூலக மாடியில் வேலைவாய்ப்பு முகாம். எப்படி இப்படிச் சேர்ந்து விழுந்தன என்றால், கலைவிழாவுக்கு வரவேண்டிய இசைக்குழுவுக்கு அந்தத் தேதிதான் ஒழிந்தது. கம்பெனிக்காரருக்கும் அதுதான். எனக்கு எந்தத் தேதியும் சரி என்று நானே எழுதியிருந்தேன்.

காலையில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"மூணும் நடக்கணும்மா."

"நடந்துடும் சார்."

"மூணும் நிறையணும்."

"சார், பசங்க எல்லாம் மைதானத்துலதான் இருப்பாங்க. அந்த பேண்டுக்காரங்க வந்து இறங்கிட்டாங்க. எம்.டெக் பசங்கள்ல பாதிப் பேர் ஸ்பீக்கர் தூக்கிட்டிருக்காங்க."

"நீ பாத்துக்குவே. நீ இல்லன்னா..."

"தெரியும் சார்."

(இங்கே அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளும் முடிக்க விடவில்லை. இருவருக்கும் மனப்பாடமான பாட்டு.)

அவள் கையில் அன்று சிக்கியது ஒரே ஒரு கூட்டம். வரலாறு இரண்டாம் ஆண்டு. அவர்களுடைய பேராசிரியருக்குப் பல்வலி. கூடவே வழக்கமான தட்டச்சர், தோட்டக்காரர், தலைமறைவிலிருந்து திரும்பிய, தண்ணீருக்குப் பயப்படும் நூலக உதவியாளர். இந்த ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தை நிரப்ப வேண்டும். ஒரே வழிதான். முதலில் என் அரங்கம். என் பேச்சு முடிந்ததும் எல்லோரும் பின்வாசல் வழியாக நூலக மாடிக்கு. போகிற வழியில் ஆளுக்கொரு ஃபைல், டை இருக்கிறவர்களுக்கு டை.

நான் தேநீர் குடித்துவிட்டு, கழிவறையைத் தேடி வழி தவறி நூலக மாடிக்குப் போனேன். வராண்டா நெடுக நாற்காலிகள். என் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த ஒரு பையன், இப்போது கழுத்தில் டையோடு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, நீ எழுத்தாளன் ஆகணும்னு கேள்வி கேட்டியே?" என்றேன்.

"அது அங்க சார்," என்றான். "இங்க நான் மெடிக்கல் ரெப்."

7

இனி மைக் மேடம் மேலே ஏறி வருகிறாள். கையில் ஃபைல். அந்த ஃபைலை யாரும் கவனிக்கவில்லை; அவள் கையில் எப்போதும் ஒரு ஃபைல் இருக்கும்.

வரிசையைப் பார்த்தாள். நிறைந்திருந்தது. தன் கைவேலையைத் தானே பார்த்து அலுத்துக்கொள்கிற பார்வை அது. கடைசியில் ஒரு நாற்காலி காலி. பழக்கதோஷத்தில் அதில் உட்கார வைக்க யாராவது கிடைப்பார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தானே உட்கார்ந்தாள்.

பக்கத்தில் தோட்டக்காரர். "நீங்களே வந்துட்டீங்களா மேடம்? ஆள் அவ்ளோ கம்மியா?"

"ம்."

"நான் உள்ள போயி என்ன சொல்றது? போன தடவை என்னைப் பாத்து எக்செல் தெரியுமான்னாங்க. நான் எருவோன்னு நெனச்சு, ரெண்டு மூட்டை இருக்குன்னுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு 'பதற்றப்படாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க' என்று சொல்லிக் கொடுத்தவள், மூச்சை இழுத்தாள். விட மறந்துபோனாள்.

8

அந்தக் கம்பெனிக்காரரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சிக்கல். முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்து, தங்கக் கடிகாரம் கட்டி, நாற்காலியில் சாய்ந்து காலாட்ட வைத்தேன். மைக் மேடத்துக்குப் பிடிக்கவில்லை.

"ஐயோ, அவரை ஏன் சார் வில்லனாக்குறீங்க? அவருக்குச் செம ஜலதோஷம். மூக்கைத் துடைச்சுத் துடைச்சு மூக்கு நுனியெல்லாம் செவந்துபோயிருந்துச்சு. அந்த வாரத்துலயே அஞ்சாறு காலேஜ் பாத்துட்டு வந்திருக்காராம். என்னைவிட டயர்டா இருந்தார்."

மீசையை எடுத்துவிட்டேன். கடிகாரத்தையும். கைக்குட்டை கொடுத்தேன்.

9

அவள் உள்ளே போனாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. வேலை கேட்டு வருகிறவர்கள் உள்ளே போனதும் வணக்கம் சொல்லுவார்கள், உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள். அவள் உள்ளே போனதும் ஏ.சி.யைப் பார்த்தாள், அது நேராக அவர் தலையில் வீசிக்கொண்டிருந்தது. ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைத்தாள். மேஜையில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருப்பதைப் பார்த்துத் திறந்து வைத்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

"டீ வந்துதா சார்? ஜலதோஷத்துக்கு இஞ்சி போட்டுக் கொண்டாரச் சொல்லட்டுமா?"

"ரொம்ப நன்றி மேடம். இருக்கட்டும்." அவர் மூக்கைத் துடைத்தார். "அடுத்த ஆளை அனுப்புங்க."

"அடுத்தது நான்தான் சார்," என்று சொல்லி எதிரே உட்கார்ந்தாள். ஃபைலை மேஜையில் வைத்தாள்.

அவர் ஃபைலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ரொம்ப அன்பாகச் சிரித்தார்.

"மேடம், எதுக்கு இந்தச் சிரமம்? எனக்குத் தெரியாததா? எல்லாக் காலேஜ்லயும் இதான். ஆள் இல்லன்னா லைப்ரரியன், கிளார்க், யாராவது வந்து உக்காருவாங்க. போன வாரம் ஒரு இடத்துல, என்னைக் கூட்டிட்டு வந்த டிரைவரே டை கட்டிட்டு உள்ள வந்தார். நான் என்ன பண்றது, அவரையும் நாலு கேள்வி கேட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. கூட்டம் நல்லா இருந்துச்சுன்னுதான் எழுதுவேன். ரெண்டு நிமிஷம் உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டுப் போங்க. உங்களைப் பாத்தாலே களைச்சுப் போயிருக்கீங்க."

ஃபைலைத் திறக்காமலே அவள் பக்கம் தள்ளிவிட்டார். மரியாதையாகத்தான்.

10

இந்த இடத்தில், கதை கேட்டிருந்த வாரப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்தார். கதை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். இந்த நிலையில் இருக்கிறது என்றேன்.

"வேலை கெடைக்குதா இல்லையா?"

"இன்னும் தெரியல."

"என்ன சார் நீங்க? நம்ம வாசகர் பஸ்ல படிக்கிறவர். இறங்குறதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சாகணும். இல்லன்னா பஸ்ஸை விட்டு இறங்கி என்னைத்தான் திட்டுவார்."

அதனால் உங்களுக்காகச் சில முடிவுகளைத் தைத்துப் பார்த்தேன்.

முதலாவது. அவள் "ஆமா சார், ஆள் கம்மி" என்று சொல்லி, ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறாள். தோட்டக்காரர் "சீக்கிரம் முடிஞ்சுதே மேடம்" என்கிறார். சாயங்காலம் மைதானத்தில் நாற்காலிகளை அடுக்குகிறாள். (இதை எழுதி முடித்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் நடக்கக்கூடியது இதுதான் என்றும் தோன்றியது. உங்களில் எத்தனை பேர் இப்படி எழுந்து வந்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன்.)

இரண்டாவது, ஆசிரியருக்குப் பிடித்தது. கம்பெனிக்காரர் ஃபைலைத் திறக்கிறார், அசந்துபோகிறார், அங்கேயே வேலை கொடுக்கிறார். மகள் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் அம்மா பயிற்சிப் பிரிவுத் தலைவர் என்று—

(போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'பயிற்சிப் பிரிவு' என்று சொல்லாது.)

மூன்றாவதைப் பாதியில் விட்டேன். அதில் அவள் அழுதாள். போனில் படித்துக் காட்டினேன்.

"நான் அழல சார்."

"பின்ன என்ன பண்ணீங்க?"

"உக்காந்தே இருந்தேன்."

11

உட்கார்ந்தே இருந்தாள்.

ரெண்டு நிமிஷம் ஆனது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். இவள் எழுந்து போவாள் என்று எதிர்பார்த்து, வாசலைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவள் எழவில்லை. தள்ளிய ஃபைலை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் வேலைக்குத்தான் சார் வந்திருக்கேன். உங்க அறிவிப்புல கடைசி வரி. அனுபவம் உள்ளவர்னு போட்டிருந்தீங்க."

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. முதல் முறையாக ஃபைலைத் திறந்தார். படித்தார். நிஜமாகவே படித்தார், விரலை வரிக்கு வரி வைத்துக்கொண்டு.

"இந்த நிகழ்ச்சி எல்லாம் நீங்க தனியாவா நடத்துனீங்க?"

"கூட ஒரு தட்டச்சர் உண்டு சார்."

"ஒரே நாள்ல மூணு நிகழ்ச்சி வந்தா?"

"இன்னைக்கு வந்திருக்கு சார். நடந்துட்டிருக்கு."

"பேச்சாளர் கடைசி நிமிஷத்துல வரலன்னா?"

"வந்தவங்கள்ல யாரு நல்லா பேசுவாங்கன்னு முன்னாடியே பாத்து வச்சிருப்பேன்."

அவருக்குத் தும்மல் வந்தது. அதை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார். மைக் மேடத்துக்கு மூச்சு சீராக வந்தது. நாற்காலி முதுகில் சாய்ந்தாள். பயிற்சிக்கு ஆள் வருவதை எப்படி ஒழுங்குபடுத்துவாள், முதல் மாதம் என்ன செய்வாள் என்று அவர் கேட்க, அவள் சொல்லிக்கொண்டே போனாள். நாற்காலிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு நேரம் பேசமுடிகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். அவர் பேனாவை எடுத்து ஃபைலின் ஓரத்தில் எதையோ குறித்தார்.

அப்போது கதவு திறந்தது. இயக்குநர். பின்னால் புகைப்படக்காரர். கம்பெனிக்காரரோடு கைகுலுக்கி ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

"நம்ம மேடமும் இங்கதான் இருக்காங்களா? சார், இவங்க இல்லன்னா எங்க யுனிவர்சிட்டியே இல்ல. கூட்டம் எப்படி சார்? வராண்டா நிறைஞ்சு வழியுது பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் கம்பெனிக்காரர். அவர் இயக்குநரைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், கடைசியா ஒரே ஒரு கேள்வி. எங்க பயிற்சிப் பிரிவுல நாளைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் மேல சொல்லணும். அதனால கேக்கறேன். வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்கள்ல நிஜமா வேலைக்குன்னு வந்தவங்க எத்தனை பேர்?"

இயக்குநரின் கண் ஃபைல் மேல் விழுந்தது. முதல் பக்கத்தில் அவள் புகைப்படம். அவர் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் அதைவிட்டுக் கிளம்பிவிட்டது.

12

நிறையப் பேர் என்று சொன்னால் இயக்குநர் பிழைத்தார்; தானும் ஆள் கணக்குக்குத்தான் உட்கார்ந்தேன் என்று சமாளித்தால் வருடக் கையெழுத்தும் பிழைத்தது. ஆனால் கேட்டவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். உண்மையைச் சொன்னால் இங்கே இருக்கிற வேலைக்கு அந்த நிமிஷமே முழுக்கு. அங்கே கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜலதோஷத்தோடு இருக்கிற ஒரு மனிதர் பேனாவால் எதையோ குறித்திருக்கிறார், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. நேர்மைக்காகக் கைதட்டுகிற கூட்டம் எதையும் அவள் அந்த அறைக்குள் உட்கார வைத்திருக்கவில்லை.

மைதானத்திலிருந்து பாட்டுச் சத்தம் ஜன்னலைத் தொட்டுவிட்டுப் போனது. புகைப்படக்காரர் "ரெடியா சார்?" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் போனில் சொன்னார். "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லட்டுமா சார்?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். தெரிந்துகொண்டால் அதைத்தான் எழுதுவேன்; எழுதினால் நீங்கள் அந்த முடிவைத்தான் பார்ப்பீர்கள், அந்தப் பதிலை அல்ல.

இது அச்சில் வந்தால் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டேன். "வந்தா வரட்டும் சார்," என்றார். அந்தக் குரலிலிருந்து ஏதாவது பிடிக்கமுடியுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வேலை கிடைத்தவர் சொல்வதும் அப்படித்தான் இருக்கும். இருந்த வேலையும் போனவர் சொல்வதும் அப்படித்தான் இருக்கும். பின்னணியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பழைய இடமா, புது இடமா, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையா என்று புரியவில்லை.

ஆசிரியர் என்னைத் திட்டட்டும். நீங்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டால் இறங்கிவிடுங்கள். நடந்துகொண்டே மிச்சத்தை நீங்களே முடித்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பதை மட்டும் கொடுத்துவிடுகிறேன்.

மைக் மேடம் இயக்குநரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒருத்திதான் சார்."